பட்ஜெட் தடையை எந்த ஆவணத்தில் வைப்பது? இஆர்பிநெக்ஸ்டில் செலவுக் கட்டுப்பாடு அமைக்கும் முறை

கணக்கு மென்பொருளில் பட்ஜெட் போடுவது என்றால், ஆண்டுத் தொடக்கத்தில் எக்செல் தாளில் தயாராக இருக்கும் தொகைகளை மென்பொருளுக்குள் ஏற்றிவிடுவது என்றே பல அலுவலகங்களில் பொருள் கொள்கிறார்கள். தொகைகளை ஏற்றுவது அரை மணி நேர வேலை. அந்தத் தொகை தாண்டப்படும்போது மென்பொருள் யாரை, எந்த ஆவணத்தில், எவ்வளவு கண்டிப்புடன் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்வதில்தான் நேரமும் யோசனையும் செலவாகும். அதைத் தவறாக அமைத்துவிட்டால், பட்ஜெட் இல்லாதிருந்த காலத்தைவிடக் கணக்குகள் மோசமாகிவிடக்கூடும். அப்படி ஆனதை ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன், பின்னர் சொல்கிறேன்.

இந்தக் கட்டுரைக்கு, கணக்கையும் கொள்முதலையும் ஒரே இடத்தில் கையாளும் இஆர்பிநெக்ஸ்ட் (ERPNext) மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்க் கணக்கர்களுக்குப் பழகிய டேலி பிரைமிலும் பட்ஜெட் உண்டு. அதில் ஒரு காலவரம்பைக் குறித்து, குரூப், லெட்ஜர் அல்லது காஸ்ட் சென்டர் (செலவைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் பிரிவு) வாரியாகத் தொகை கொடுக்கலாம். அத்தொகை அந்தக் காலத்தின் நிகர நடவடிக்கைக்கா, முடிவிருப்புக்கா என்றும் தேர்ந்தெடுக்கலாம். பிறகு ட்ரையல் பேலன்ஸ் போன்ற அறிக்கைகளில் பட்ஜெட்டுக்கும் நடப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்கலாம். ஆனால் தொகை தாண்டிவிட்டது என்பதற்காக அது வவுச்சரைத் தடுத்து நிறுத்துவதில்லை. சோஹோ புக்ஸிலும் ஒப்பீட்டு அறிக்கையே மையம். இஆர்பிநெக்ஸ்ட், செலவு நிகழ்வதற்கு முன்பே குறுக்கே நிற்கக்கூடியது. ஆகவே அதன் அமைப்புகளைப் புரிந்துகொள்வது பயன் தரும். கீழே சொல்பவை 14, 15ஆம் பதிப்புகளின் திரைகளை ஒட்டியவை.

எடுத்துக்காட்டுக்குக் கோவைப் பக்கத்தில் அறுபது பேர் வேலை செய்யும் ஒரு பம்ப் உதிரிபாகத் தொழிற்கூடத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். அதில் வார்ப்படப் பிரிவு, மெஷின் ஷாப், அலுவலகம் என மூன்று பிரிவுகள் இருக்கின்றன.

முதலில் சரிபார்க்க வேண்டியவை

ஃபிஸ்கல் இயர், அதாவது நிதியாண்டு, ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை உருவாக்கப்பட்டு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பட்ஜெட் போடப்போகும் கணக்குகள் அனைத்தும் வருமான அல்லது செலவுக் கணக்குகளாக இருக்க வேண்டும். சொத்து, பொறுப்புக் கணக்குகளை மென்பொருள் ஏற்காது. மேலும் அவை தமக்குக் கீழே வேறு கணக்குகள் இல்லாத கிளைக் கணக்குகளாக இருக்க வேண்டும்; ‘மறைமுகச் செலவுகள்’ போன்ற குரூப் கணக்கின் மீது பட்ஜெட் போட முயன்றால் பிழைச் செய்தி வரும். சரக்கிருப்பைத் தொடர்ச்சியாகக் கணக்கில் காட்டும் முறையை நீங்கள் பயன்படுத்தினால், மூலப்பொருள் வாங்கும்போது அது முதலில் சரக்கு என்ற சொத்துக் கணக்கில்தான் ஏறும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. எனவே முதல் ஆண்டில் பராமரிப்பு, கன்ஸ்யூமபிள்ஸ், மின்கட்டணம், பயணம், விளம்பரம் போன்ற நேரடியாகச் செலவில் எழுதப்படும் இனங்களோடு தொடங்குவதே நல்லது.

காஸ்ட் சென்டரில்தான் பலர் சறுக்குகிறார்கள். நிறுவனத்தை உருவாக்கியவுடன் ‘மெயின்’ என்ற ஒரு காஸ்ட் சென்டரை மென்பொருளே தந்துவிடும். நீங்கள் பிரிவுவாரியாக மூன்று காஸ்ட் சென்டர்களைச் சேர்த்து, அவற்றுக்குப் பட்ஜெட்டும் போட்டுவிட்ட பிறகு, கணக்குப் பிரிவில் உள்ளவர் பில் வரியில் காஸ்ட் சென்டரை மாற்றாமல் ‘மெயின்’ என்றே விட்டுவிட்டால், அந்தச் செலவு உங்கள் பட்ஜெட்டின் கண்ணில் படவே படாது. ஆண்டு முழுவதும் பட்ஜெட் மீறப்படாததுபோல் தோன்றும். இதைத் தவிர்க்க, ஐட்டம் அல்லது ஐட்டம் குரூப் அமைப்பிலேயே இயல்பான காஸ்ட் சென்டரையும் செலவுக் கணக்கையும் குறித்துவையுங்கள். அத்துடன், மேல்நிலைக் குரூப் காஸ்ட் சென்டருக்கும் ஒரு மொத்தத் தொகையைப் பட்ஜெட்டாகப் போட்டுவைக்கலாம்; அதன் கீழுள்ள எந்தக் கிளையில் செலவு விழுந்தாலும் மேல்நிலைப் பட்ஜெட்டிலும் அது சேர்த்துச் சோதிக்கப்படும் என்பதால், ‘மெயின்’ வழியாகத் தப்பும் செலவும் அங்கே பிடிபடும்.

தொகையை முடிவு செய்யும்போது ஜி.எஸ்.டி.யைக் கவனியுங்கள். இன்புட் கிரெடிட் எடுக்கக்கூடிய, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய செலவுகளில் வரி தனிக் கணக்குக்குப் போய்விடும். ஆகவே வரி நீங்கலான தொகையையே பட்ஜெட்டாகப் போட வேண்டும். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவால் கிரெடிட் மறுக்கப்படும் இனங்களில், உதாரணமாகப் பொதுவாக உணவு, கேட்டரிங் செலவுகளில், வரியும் செலவாகவே நின்றுவிடுவதால் வரியையும் சேர்த்தே தொகை குறிக்க வேண்டும். இரண்டையும் கலந்து போட்ட பட்ஜெட்டில் பின்னர் வேறுபாடு ஏன் வந்தது என்று தேடுவது வீண் அலைச்சல்.

மாதப் பங்கீடு

ஆண்டுத் தொகையை மாதங்களுக்குப் பிரித்துத் தரும் பட்டியலுக்கு மன்த்லி டிஸ்ட்ரிபியூஷன் என்று பெயர். புதிதாக ஒன்றை உருவாக்கினால் பன்னிரண்டு மாதங்களுக்கும் சமமாக, அதாவது மாதம் ஏறத்தாழ 8.33 விழுக்காடு என்று தானே நிரப்பித் தரும். பட்டியலையே இணைக்காமல் விட்டாலும் சம பங்கீடாகவே மென்பொருள் எடுத்துக்கொள்ளும். வாடகைக்கு இது சரி. இயந்திரப் பராமரிப்புக்குச் சரிவராது.

நம் தொழிற்கூடத்தில் மெஷின் ஷாப்பின் பராமரிப்புச் செலவு ஆண்டுக்கு ரூ.12,00,000 என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஓவர்ஹால் வேலை தீபாவளி விடுமுறையில்தான் நடக்கும், ஏனென்றால் அப்போதுதான் இயந்திரங்கள் சும்மா இருக்கும். 2026இல் தீபாவளி நவம்பர் 8ஆம் தேதி வருகிறது. ஆகவே 2026-27க்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதம் 6 விழுக்காடு, நவம்பருக்கு 30 விழுக்காடு, டிசம்பர் முதல் மார்ச் வரை மாதம் 7 விழுக்காடு என்று பிரித்தால் மொத்தம் நூறு வந்துவிடும். இதன்படி அக்டோபர் இறுதிவரை செலவழிக்க அனுமதி ரூ.5,04,000; நவம்பர் இறுதிவரை ரூ.8,64,000. சம பங்கீட்டில் விட்டிருந்தால் அக்டோபர் இறுதிவரை ரூ.7,00,000 அனுமதி இருப்பதாக மென்பொருள் கருதும். ஏறத்தாழ இரண்டு லட்சம் கூடுதலாகச் செலவாகியிருந்தாலும் ஓர் எச்சரிக்கைகூட வராது. நவம்பரிலோ, திட்டமிட்டபடியே ஓவர்ஹால் செய்திருந்தாலும் ரூ.8,00,000 தாண்டிவிட்டது என்று கத்தும். மௌனமாக இருக்க வேண்டிய நேரத்தில் கத்தி, கத்த வேண்டிய நேரத்தில் மௌனம் காக்கும் எச்சரிக்கையை இரண்டே மாதங்களில் யாரும் படிக்காமல் மூடிவிடப் பழகிவிடுவார்கள்.

இந்தப் பங்கீட்டைச் சென்ற ஆண்டிலிருந்து அப்படியே நகலெடுக்கக் கூடாது. 2025இல் தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி வந்தது. அந்த ஆண்டின் கனத்த மாதம் அக்டோபர். போனஸ் கணக்குக்கும் இதே கதைதான். சட்டப்படியான குறைந்தபட்ச போனஸ் 8.33 விழுக்காடு என்பதும், மென்பொருள் நிரப்பித் தரும் மாதப் பங்கு 8.33 விழுக்காடு என்பதும் ஆண்டைப் பன்னிரண்டால் வகுப்பதால் ஒன்றுபோலத் தோன்றுபவை. ஆனால் போனஸ் ஒரே மாதத்தில் கொடுக்கப்படுவது. அந்தக் கணக்குக்குப் பண்டிகைக்கு முந்தைய மாதத்தில் நூறு விழுக்காடு என்று போட்டுவிடுவதே பொருத்தம்.

ஒரு பட்ஜெட் பதிவுக்கு ஒரே ஒரு மாதப் பங்கீட்டைத்தான் இணைக்க முடியும், அதில் உள்ள எல்லாக் கணக்குகளுக்கும் அதே பங்கீடு பொருந்திவிடும். ஆகவே மெஷின் ஷாப்புக்கு ஒரே பட்ஜெட்டாகப் போடாமல், சீராகப் போகும் செலவுகளுக்கு ஒன்று, பராமரிப்புக்கு ஒன்று, போனஸுக்கு ஒன்று என்று மூன்று பதிவுகளாகப் பிரியுங்கள். ஒரே ஆண்டில் ஒரே காஸ்ட் சென்டருக்கு ஒரே கணக்கு இரண்டு பட்ஜெட்டுகளில் வராதவரை மென்பொருள் மறுப்புச் சொல்லாது.

தடையை எங்கே வைப்பது

இனி பட்ஜெட் படிவத்தைத் திறக்கலாம். பட்ஜெட் அகெயின்ஸ்ட் என்ற இடத்தில் காஸ்ட் சென்டர் அல்லது புராஜெக்ட் என்று தேர்ந்தெடுங்கள். நிறுவனம், காஸ்ட் சென்டர், ஃபிஸ்கல் இயர், மாதப் பங்கீடு ஆகியவற்றை நிரப்பிய பிறகு, கீழே உள்ள அட்டவணையில் கணக்குகளையும் தொகைகளையும் உள்ளிடுங்கள். இதுவரை எல்லாம் எளிது.

நடுவில் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில் மூன்று டிக் பெட்டிகள் இருக்கும். முதலாவது மெட்டீரியல் ரிக்வெஸ்ட், அதாவது ஸ்டோர்ஸிலோ ஷாப்பிலோ எழுதும் இண்டென்ட். இரண்டாவது பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது சப்ளையருக்குக் கொடுக்கும் கொள்முதல் ஆணை. மூன்றாவது உண்மைச் செலவு, அதாவது பில்லோ ஜர்னலோ பேரேட்டில் ஏறும் கட்டம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள் கேட்கப்படும். ஆண்டுத் தொகை தாண்டினால் என்ன செய்வது? அந்த மாதம் வரையிலான கூட்டுத் தொகை தாண்டினால் என்ன செய்வது? பதிலாக ஸ்டாப், வார்ன், இக்னோர் ஆகிய மூன்றில் ஒன்றைத் தரலாம். ஸ்டாப் என்றால் ஆவணத்தைச் சப்மிட் செய்யவே, அதாவது இறுதியாக்கவே விடாது. வார்ன் என்றால் செய்தியைக் காட்டிவிட்டு விட்டுவிடும். இக்னோர் என்றால் கண்டுகொள்ளாது. இண்டென்ட் கட்டத்தை டிக் செய்தால் மற்ற இரண்டையும் டிக் செய்யும்படியும், பர்ச்சேஸ் ஆர்டர் கட்டத்தை டிக் செய்தால் உண்மைச் செலவையும் டிக் செய்யும்படியும் மென்பொருள் வற்புறுத்தும். எதையுமே டிக் செய்யாவிட்டால் உண்மைச் செலவுக்கு மட்டும் அதுவே டிக் போட்டுக்கொள்ளும்.

முன்பே சொன்ன அனுபவம் இங்கேதான் வருகிறது. நான் முதன்முதலாக இதை அமைத்துக் கொடுத்த ஓர் அலுவலகத்தில், கட்டுப்பாடு கடுமையாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எல்லா இடங்களிலும் ஸ்டாப் போட்டுவிட்டேன். பிப்ரவரி மாதம் மின்கட்டண பில் வந்தபோது ஆண்டுத் தொகை தீர்ந்திருந்தது. பில்லைப் பதிவு செய்ய மென்பொருள் விடவில்லை. கெடு தேதி நெருங்கவே, கணக்குப் பிரிவுத் தம்பி, பட்ஜெட்டே இல்லாத ‘இதர செலவுகள்’ கணக்கில் அந்தப் பில்லை ஏற்றிவிட்டுப் பணத்தைக் கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மின்சாரத்தைப் பயன்படுத்தி முடித்தாகிவிட்டது, பில்லும் வந்துவிட்டது, கட்டித்தான் ஆக வேண்டும். மார்ச் மாதப் பில்லும் அதே வழியில் போனது. ஆண்டு இறுதியில் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்தபோது மின்கட்டணம் பட்ஜெட்டுக்குள் இருந்தது, இதர செலவுகள் மட்டும் ஊதியிருந்தது.

பில் கட்டத்தில் வைக்கும் தடை செலவை நிறுத்துவதில்லை, ஏற்கெனவே நடந்துவிட்ட செலவின் பதிவைத்தான் நிறுத்துகிறது. பணத்தைச் செலவழிப்பது என்று நிறுவனம் வாக்குக் கொடுக்கும் கணம் பர்ச்சேஸ் ஆர்டர். தடை அங்கேதான் நிற்க வேண்டும். ஆகவே நான் இப்போது அமைக்கும் முறை இது: பர்ச்சேஸ் ஆர்டரில் ஆண்டுத் தொகைக்கு ஸ்டாப், மாதக் கூட்டுத் தொகைக்கு வார்ன், உண்மைச் செலவில் இரண்டுக்கும் வார்ன், இண்டென்டில், தேவைப்பட்டால், இரண்டுக்கும் வார்ன். பர்ச்சேஸ் ஆர்டரில் மாதக் கூட்டுத் தொகைக்கும் ஸ்டாப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நவம்பர் ஓவர்ஹாலுக்கான உதிரிபாகங்களைச் செப்டம்பரிலேயே ஆர்டர் செய்தால்தான் நேரத்துக்கு வந்து சேரும். மென்பொருளோ ஆர்டர் தேதியை வைத்துச் செப்டம்பர் வரையிலான பங்கையே ஒப்பிடும். சரியாகத் திட்டமிடுபவரைத் தடுக்கும் ஏற்பாடு யாருக்கு வேண்டும்?

இண்டென்ட் கட்டத்தை டிக் செய்வோருக்கு ஒரு சிறு எச்சரிக்கை: இண்டென்ட் வரியில் விலை குறிக்கப்படாவிட்டால் அதன் தொகை பூஜ்யம்தான், பூஜ்யம் எந்தப் பட்ஜெட்டையும் தாண்டாது. ஷாப்பில் இருப்பவர்கள் விலையை நிரப்பமாட்டார்கள் என்று தெரிந்தால் அந்தக் கட்டத்தை விட்டுவிடுவதே மேல்.

படிவத்தைச் சேமித்தபின் சப்மிட் செய்தால்தான் பட்ஜெட் நடைமுறைக்கு வரும். டிராஃப்ட் நிலையில் விட்டுவிட்டு, ஏன் எதுவும் தடுக்கப்படவில்லை என்று தேடிய நாட்களும் உண்டு.

விதிவிலக்கு தரும் அதிகாரம்

ஸ்டாப் என்பது எல்லோருக்கும் ஸ்டாப் ஆகிவிட்டால், முதலாளியே அவசரத்துக்கு ஓர் ஆர்டர் போட முடியாது. இதற்காகக் கம்பெனி படிவத்தில் எக்ஸெப்ஷன் பட்ஜெட் அப்ரூவர் ரோல் என்ற ஓர் இடம் இருக்கிறது. ரோல் என்பது மென்பொருளில் ஒரு பயனருக்குத் தரப்படும் அதிகாரம்; அதில் குறிக்கப்பட்ட ரோலை வைத்திருப்பவருக்கு ஸ்டாப் வெறும் எச்சரிக்கையாக மாறிவிடும். இதற்கு அக்கவுன்ட்ஸ் மேனேஜர் ரோலைக் கொடுத்துவிடாதீர்கள், சிறு நிறுவனங்களில் கணக்குப் பிரிவில் பாதிப் பேருக்கு அந்த ரோல் இருக்கும். ‘பட்ஜெட் விலக்கு’ என்று புதிய ரோல் ஒன்றை உருவாக்கி, அதை ஒருவருக்கு, அதிகம் போனால் இருவருக்குக் கொடுங்கள். அவர் தாண்டிப் போகும் ஒவ்வொரு முறையும் ஆவணத்தின் கமெண்ட் பகுதியில் ஒரு வரி காரணம் எழுத வேண்டும் என்பதை அலுவலக வழக்கமாக்குங்கள்; மென்பொருள் அதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை.

சோதனையும் அறிக்கையும்

அமைத்து முடித்ததும் உண்மையான ஆர்டர்களில் சோதிக்காமல், சோதனைத் தளத்தில் வேண்டுமென்றே தொகையைத் தாண்டும் ஒரு பர்ச்சேஸ் ஆர்டரை உருவாக்கிப் பாருங்கள். டிராஃப்டாகச் சேமிக்கும்போது எந்தத் தடையும் வராது. சப்மிட் அழுத்தும்போதுதான் சோதனை நடக்கும். எந்தக் கணக்கு, எந்தக் காஸ்ட் சென்டர், எவ்வளவு தாண்டுகிறது என்று செய்தி காட்டும். விலக்கு ரோல் உள்ள ஒருவராகவும், இல்லாத ஒருவராகவும் இருமுறை செய்து பாருங்கள்.

மாதந்தோறும் பார்க்க வேண்டியது பட்ஜெட் வேரியன்ஸ் ரிப்போர்ட். மாதம், காலாண்டு, அரையாண்டு, ஆண்டு என்று தேர்ந்தெடுத்துப் பட்ஜெட், நடப்பு, வேறுபாடு ஆகியவற்றை அருகருகே காணலாம். இந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, ‘இன்னும் மூன்று லட்சம் மிச்சம் இருக்கிறதே, என் ஆர்டரை ஏன் மென்பொருள் தடுக்கிறது’ என்று பர்ச்சேஸ் பிரிவினர் சண்டைக்கு வருவார்கள். அறிக்கையில் ‘நடப்பு’ என்பது பேரேட்டில் ஏறிய தொகை மட்டும். ஆர்டர் கட்டத்துச் சோதனையிலோ, ஏறிய செலவுடன் பில் வராமல் நிற்கும் ஆர்டர்களின் தொகையும் சேரும். இண்டென்ட் கட்டத்தை டிக் செய்திருந்தால், அந்தக் கட்டத்துச் சோதனையில் ஆர்டராகாத இண்டென்ட்களின் தொகையும் கூடவே சேரும். ஆறு மாதத்துக்கு முன் போட்டு, சப்ளையர் பாதிச் சரக்கை மட்டும் அனுப்பிவிட்டுக் கைவிட்ட ஆர்டர் ஒன்று பட்ஜெட்டின் ஒரு பகுதியைச் சத்தமில்லாமல் பிடித்துவைத்திருக்கும். அத்தகைய ஆர்டர்களை க்ளோஸ் என்றும், இனித் தேவைப்படாத இண்டென்ட்களை ஸ்டாப் என்றும் நிலை மாற்றினால் அந்தத் தொகை விடுபடும். மாத முடிவு வேலைகளில் நிலுவை ஆர்டர்களைப் பார்வையிடுவதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டின் நடுவில் தொகையை மாற்ற வேண்டி வந்தால், சப்மிட் செய்த பட்ஜெட்டைக் கேன்சல் செய்து, அமெண்ட் மூலம் புதிய பதிவாக்கி, தொகையைத் திருத்தி மீண்டும் சப்மிட் செய்ய வேண்டும். பழைய பதிவு அழியாமல் கேன்சல் நிலையில் நிற்பதால், முதலில் எவ்வளவு அனுமதித்தோம் என்ற சான்று பிற்பாடும் கையில் இருக்கும். கேன்சல் செய்ததற்கும் புதியதைச் சப்மிட் செய்வதற்கும் இடைப்பட்ட நிமிடங்களில் அந்தக் கணக்குகளுக்குத் தடை எதுவும் இருக்காது. ஆகவே இந்த வேலையைப் பர்ச்சேஸ் பிரிவினர் கிளம்பிய பிறகு, மாலையில் செய்யுங்கள்.